அத்தை மகன் விடுபட்ட பட்டியல்

ஜூலை 8, செவ்வாய்

போப்பாண்டவரை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெரம்பூர் ஆபீஸில் நாங்கள் மொத்தம் ஆறு பேர்; அதில் மாதா கோயிலுக்குப் போகிறவள் நான் ஒருத்தி. அது போதும் என்று ஜீஷான் முடிவு செய்துவிட்டார். எங்கள் டீம் லீடர், தண்டையார்பேட்டைக்காரர், சரித்திரப் பைத்தியம். "உங்காளு தானே, நீயே பாத்துக்க அனிஷா" என்றார்.

நாங்கள் செய்யும் கேம் அந்தக் கால ஐரோப்பாவைப் பற்றியது. ஆடுகிறவர் ஒரு ராஜ வம்சத்தைப் பிடித்துக்கொண்டு முந்நூறு வருஷம் ஓட்ட வேண்டும். கல்யாணம், வாரிசு, சண்டை, சதி. இதுவரை போப்பாண்டவரும் அதில் ஒரு குட்டி ராஜாதான். ரோமாபுரி ஒன்று, எண்ணூறு சிப்பாய்கள். முதல் வருஷத்திலேயே யாராவது வந்து பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் நிஜத்தில் அப்படி நடக்கவில்லையே. பெரிய படை இல்லாத ஒரு மனுஷனுக்கு அத்தனை ராஜாக்களும் ஏன் பயந்தார்கள்? அதைக் கண்டுபிடித்து ஆகஸ்ட் இருபதுக்குள் ஓட வைக்க வேண்டும். அன்றைக்கு வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் ஆடிப் பார்க்க வருகிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்திருந்தாள். செப்டம்பர் 22, திங்கட்கிழமை. எனக்கும் ஜெபின் அத்தானுக்கும் கல்யாணம். மண்டபம் சொல்லியாகிவிட்டதாம். "சரி" என்றேன். வேறு என்ன சொல்ல? நான் பிறந்த அன்றைக்கே பேசி முடித்த விஷயம்.

சரி என்றுதானே சொன்னேன். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

ஜூலை 10, வியாழன்

எழுதிப் பார்த்தால் தெளிகிறதா பார்ப்போம்.

அத்தான் நல்லவர். எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார். மாமா இறந்ததும் அத்தையையும் அவரையும் அப்பா சாத்தான்குளத்திலிருந்து கூட்டிவந்து எங்கள் மாடியில் வைத்தார். எனக்கு அப்போது மூன்று வயது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையால் விசிறிக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் அவர்தான். ஆறு வயதில் ஒரு நாள் வாய் தவறி 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டேன். அத்தை வாயிலேயே ஒன்று போட்டாள். "அத்தான்னு சொல்லுட்டி."

அன்றிலிருந்து அத்தான்தான். வாய் பழகிவிட்டது. மனசு பழகவில்லை. இருபத்தேழு வயதாகிவிட்டது, இனி எப்போது பழகும்?

வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்ல முடியாது. அவருடைய கல்மண்டபத்துக் கயிற்றுக்கடையைத் தினமும் காலையில் திறப்பதே அத்தைதான். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் மாடியில் இருக்க மாட்டாள். அப்பாவுக்குக் கூடப் பிறந்தது அவள் ஒருத்தி.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து அப்பா பங்குச்சாமியைப் பார்க்கப் போனார். நானும் பின்னால் நின்றேன். இக்னேஷியஸ் சாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "சொந்த அத்தை மகனா? அப்ப ரத்த உறவுத் தடை வரும் தவசிமுத்து. ஆயர்கிட்ட எழுதி அனுமதி வாங்கணும்."

"கிடைச்சிரும்லா சாமி?"

"கிடைக்கும்னுதான் நினைக்கிறேன். ஆனா அது ஆயர் கையில."

தடை. என்ன அழகான வார்த்தை. யாரோ ஒரு பிஷப், எங்கேயோ ஒரு நாற்காலியில், எங்கள் வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாதவர், 'கூடாது' என்று ஒரு தாளில் எழுதிவிடலாம். அத்தை யாரைத் திட்ட முடியும்? ஆயரையா?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

ஜூலை 16, புதன்

அந்த வார்த்தையை அப்படியே ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். அந்தக் காலத்தில் ஏழு தலைமுறைக்குள் உறவு என்றால் கல்யாணம் கூடாதாம். 1215க்குப் பிறகுதான் அதை நாலாகக் குறைத்திருக்கிறார்கள். ராஜாக்களோ ஒருவருக்கொருவர் சொந்தம். ஆக, யார் யாரைக் கட்டினாலும் போப்பாண்டவரின் அனுமதி வேண்டும். எதற்குப் படை?

ஜீஷானுக்கு ஒரே குஷி. "சிப்பாய்ங்கள எல்லாம் தூக்கிடு. இந்தக் கல்யாண மேட்டர் ஒண்ணு போதும், எல்லா ராஜாவும் வந்து கால்ல வுழுவான்" என்றார். எந்தெந்த உறவு கூடாது என்ற பட்டியலை எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

மானம் போயிற்று.

ஜீஷான் நேற்று முழுக்கக் கேமைத் தானாக ஓடவிட்டிருக்கிறார். இன்று காலை என் மேசைக்கு வந்து நின்றார். "இன்னா அனிஷா, எரநூறு வருசம் ஓட வுட்டேன். ஒரு ராஜா கூட உங்காளாண்ட பர்மிஷன் கேட்டு வர்ல. அவரு பாட்டுக்கு சும்மா குந்திகினு கீறாரு."

பட்டியலைத் திறந்து பார்த்தோம். சித்தப்பா பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள். எல்லோருக்கும் தடை போட்டிருந்தேன். அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் பட்டியலிலேயே இல்லை. மறந்துபோனேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. அது போதாதென்று, ஐரோப்பா முழுக்க ராஜாக்கள் முறைப்பெண்ணாகத் தேடித் தேடிக் கட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சு ராஜா, ஜெர்மன் ராஜா எல்லோரையும் திருநெல்வேலிக்காரர்கள் ஆக்கிவிட்டேன்.

ஜீஷான் சிரித்து முடிக்க அஞ்சு நிமிஷம் ஆனது. "எங்கள்ல சித்தப்பா பொண்ணையும் கட்டலாம், அத்த பொண்ணையும் கட்டலாம். அது ஒரு கணக்கு. உங்கள்ல அத்த புள்ளைக்கு மட்டும் ஒடம்புல ரத்தம் ஓடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

திருத்தியது இரண்டே வரி.

ஜூலை 25, வெள்ளி

போப்பாண்டவர் வாசலில் இப்போது நல்ல கூட்டம்.

ஜூலை 30, புதன்

இன்னொன்று படித்தேன். பெண்டாட்டியைப் பிடிக்காமல் போன ராஜாக்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் திடீரென்று ஞானோதயம் வருமாம்: அடடா, இவள் எனக்குச் சொந்தமாயிற்றே, இந்தக் கல்யாணம் செல்லாதே. உடனே ரோமாபுரிக்கு ஆள் அனுப்புவார்கள். அவ்வளவு பெரிய ராஜா, ஆயிரம் தலையை வெட்டியவன், 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல வாய் வராமல் போப்பாண்டவர் வேஷ்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான்.

அதற்கு ஒரு பட்டன் வைத்தேன். 'உறவை நினைவுபடுத்து.' அமுக்கினால் போப்பாண்டவர் விசாரிப்பார். அவர் மனசு வைத்தால் கல்யாணம் ரத்து, ராஜாவின் பேரும் கெடாது. ஜீஷான் அதை ஒரு மணி நேரம் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஒன்று கிடைத்தால் தேவலை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

துணிந்து போனேன். பூசைக்குப் பிறகு, தனியாக. "சாமி, ஆயர் வேண்டாம்னு சொல்ல வாய்ப்பு இருக்கா?"

சாமி என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. உதடு நடுங்கியது தெரியும். அவர் என் தலையில் கை வைத்தார். "இதுக்குப் போயா அழுற? பயப்படாத மகளே. இந்த வாரமே நான் நேர்ல போய்ப் பேசுறேன். சீக்கிரம் வாங்கித் தர்றேன்."

நன்றி சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சாமி! என்னை எதால் அடிப்பது?

ஆகஸ்ட் 6, புதன்

கல்யாண விசாரணை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அத்தான் முதலில் போய்விட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார். புதுச் சட்டை. கக்கத்தில் மடிப்பு கூடக் கலையவில்லை.

அச்சடித்த தாளில் கேள்விகள். பெயர், ஞானஸ்நானம், உறுதிபூசுதல். பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ: "இந்தத் திருமணத்துக்கு யாராவது உன்னைக் கட்டாயப்படுத்துறாங்களா?" சாமி பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே அப்பா, வண்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சாமி."

யாரு கட்டாயப்படுத்துனா? யாருமே இல்லையே. ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கலையே. கேட்டது இந்தத் தாள் மட்டுந்தான், அதுக்கும் பொய் சொல்லியாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு.

ஆகஸ்ட் 14, வியாழன்

அனுமதி வந்துவிட்டது. எட்டே நாளில்.

முதல் ஓலை 31ஆம் தேதி. மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் இருவர் பெயரையும் வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பார்கள். தடை தெரிந்த ஒரே ஆள் முதல் வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். பிரியாணி. அத்தை என் வாயில் ஊட்டிவிட்டாள். விழுங்கினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

டெமோ நன்றாகப் போனது. வந்தவர்களில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண் இருந்தார். பட்டனை அமுக்கினார், கல்யாணம் ரத்தானது. "நல்லாருக்குங்க. ஆனா இந்த ராஜா தன் வாயாலயே வேண்டாம்னு சொல்ற மாதிரி ஒண்ணு இல்லீங்களா?" என்று கேட்டார்.

ஜீஷான் என்னைப் பார்த்தார். "அது போடவே இல்லியே நாம" என்றார்.

ஆமாம். எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை மகன் மாதிரியே அதுவும் பட்டியலில் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொல்லிவிட்டேன். அப்பாவிடம் இல்லை. அத்தானிடம்.

கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கச் சாயங்காலம் திருவொற்றியூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடற்கரை ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அரை மணி நேரம் நகரவில்லை. ஓரமாக நிறுத்தி டீ வாங்கினார். மாதிரிப் பத்திரிகையை விரித்து, "பேரு தங்கக் கலர்ல போடட்டா, மெரூன்ல போடட்டா?" என்று கேட்டார். மெரூன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

லாரி டிரைவர் ஒருவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

"சாமி கேட்டாரே. ஏன் அப்பவே சொல்லல?"

"பயம்."

"சொல்லியிருந்தா பதினஞ்சு நாள் கம்மியா ஆசப்பட்டிருப்பேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. டீ கிளாஸைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு சொன்னார்: "நான் பாத்துக்குறேன். எனக்கு யார்டுல வேற ஒரு பொண்ணு புடிச்சிருக்குன்னு நாளைக்குக் காலைல மாமாகிட்ட சொல்லிடுறேன். அம்மா ரெண்டு நாள் அழும். உம்மேல ஒண்ணும் வராது."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வழி முழுக்கச் சொல்லவில்லை. ஆயரிடமிருந்து வரும் என்று நான் காத்திருந்ததை இந்த மனுஷன் கையில் வைத்து நீட்டுகிறார். எடுத்துக்க வேண்டியதுதானே. எடுத்துக்கடி. ஒரு மாசமா இதுக்குத்தானே அலைஞ்ச.

எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

காலை ஏழு மணி. மாடிப்படியில் அத்தானின் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா முற்றத்துக் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார், பாதி முகம் நுரை. ஓடிப்போய் நின்றேன்.

"அப்பா, அத்தான் இப்ப வந்து ஒண்ணு சொல்லுவாரு. அது பொய். நாந்தான் வேண்டாம்னு சொல்லுதேன்."

அத்தான் கடைசிப் படியில் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் அத்தை.

அப்பா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கோயில்ல வச்சுக் கேட்டாவளே. அப்ப எங்க போச்சு வாயி?"

"பயமா இருந்துச்சுப்பா."

"இப்ப?"

"இப்பவுந்தான்."

அவர் மறு கன்னத்தை மழிக்க ஆரம்பித்தார். அத்தை திரும்பிப் படியேறினாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அத்தான் எண்ணூரிலேயே கூட வேலை செய்பவர்களோடு அறை எடுத்துக்கொண்டார். அத்தை மாடியில்தான் இருக்கிறாள், கீழே வருவதில்லை. கடையை அப்பா திறக்கிறார். என்னிடம் பேசுவதில்லை. அம்மா மட்டும் தட்டை வைக்கும்போது "சாப்பிடு" என்கிறாள். குழம்பில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்பா வாசலில் வண்டியோடு நின்றார், கூப்பிடவில்லை. போனேன்.

பூசைக்கு முன்னால் இக்னேஷியஸ் சாமி எங்களை ஓரமாக அழைத்தார்; கல்யாணம் நின்றது அவர் காதுக்கு எட்டியிருந்தது. கையில் ஆயரின் கடிதம். பாடகர் குழுப் பெண்கள் பக்கத்திலேயே நின்று பாட்டுப் புத்தகங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாமி குரலைத் தாழ்த்தினார். "இதைத் திருப்பி அனுப்பணும் தவசிமுத்து, காரணம் எழுதணும். குடும்பச் சூழ்நிலையால தள்ளி வச்சிருக்குன்னு எழுதிடட்டா? பொண்ணு பேரும் அடிபடாது."

அப்பா தரையைப் பார்த்தார். அவர் தலையாட்டிவிடுவார் என்று நினைத்தேன். தலையாட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

"தள்ளி வைக்கல சாமி" என்றார், சாதாரணக் குரலில். "எம் மவ வேண்டாம்னு சொல்லிட்டா. அப்படியே எழுதுங்க."

பாட்டுப் புத்தகங்களின் சத்தம் நின்றது.

பூசையில் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலை வாசித்தார்கள். முடிந்ததும் அப்பா யாரிடமும் நின்று பேசாமல் நேரே போய் வண்டியை எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை. நான் ஏறி உட்காரும்வரை கிளப்பாமல் நின்றார்.