பஸ் ஏறத் தெரியாத சீட்டு

செஞ்சி
15.6.2025

அன்புள்ள ராஜம்மாளுக்கு,

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. கோடு போட்ட தாள்தான், என் கைக்குத்தான் கோடு தெரியவில்லை. இதை எழுத மூன்று நாள் ஆனது.

ஆமாம், எழுதுவது நான்தான். எழுபத்தொரு வயதில் ஷோபனா டீச்சரிடம் எழுத்துப் படித்தேன். முதலில் என் பெயர் கற்றுக்கொண்டேன். அடுத்து உன் பெயர். அதில் வரும் ‘ஜ’ என்னைப் படுத்தி எடுத்தது. இப்போது பஸ் பலகையைப் படிக்கிறேன், உர மூட்டையைப் படிக்கிறேன். ஊரெல்லாம் இத்தனை பேச்சு எழுதிக் கிடந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை.

நீயும் நம் மகன் ஆனந்தராஜும் பேரப்பிள்ளைகளும் ஓசூரில் சுகம்தானே? கத்தரி பூ விட்டிருக்கிறது.

ஒரு அதிசயம் சொல்லவேண்டும். இங்கே கடைக்காரர்களும் விவசாயிகளும் சேர்ந்து சீட்டு போட்டிருக்கிறோம். நானும் சேர்ந்துவிட்டேன். சீட்டில் ராஜகிரி மழை படம் இருக்கிறது. அதைப் பார்த்தால் நீயே

தாள் முடிந்துவிட்டது. மீதியை அடுத்ததில் எழுதுகிறேன்.

தாண்டவராயன்


ஓசூர்
22.6.2025

ஆனந்தராஜ் நைனாவுக்கு ராஜம்மாள் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. உங்கள் கைதான் என்று முதலில் நம்பவில்லை. டீச்சர் எழுதியிருந்தால் இத்தனை அடித்தல் திருத்தல் இருக்காது என்று பிறகு நம்பினேன். தபால்காரர் போன பிறகும் வாசலிலேயே நின்றிருந்தேனாம். மருமகள் சொல்கிறாள்.

ராஜகிரி மழை என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் நல்ல மழை என்று ஆனந்தராஜிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் தடவை படித்தபோதுதான் அது மலை என்று புரிந்தது.

ஆனால் சீட்டு என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. மறுபடியும் சீட்டா? நான் பால் ஊற்றிச் சேர்த்த நாற்பதாயிரத்தை, இரட்டிப்பாகும் என்று எவனோ சொன்னதை நம்பிச் சீட்டு கம்பெனியில் கட்டினீர்கள். காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தீர்கள். நான் ஐந்தாவது படித்தவள். என் கையில் கொடுத்திருந்தால் படித்துச் சொல்லியிருப்பேன். பணம் போனதற்காக நான் ஓசூருக்கு வரவில்லை. என்னைக் கேட்காததற்காக வந்தேன். இரண்டு வருடம் ஆகிறது.

அன்றைக்குக் கைநாட்டு, இன்றைக்குக் கையெழுத்து. வேறென்ன மாறியிருக்கிறது?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ராஜம்மாள்


செஞ்சி
30.6.2025

ராஜம்மா,

மலை. மலை. மலை. டீச்சர் பத்து தடவை எழுதச் சொன்னார். உனக்கு மூன்று போதும்.

நான் சொன்னது அந்தச் சீட்டு இல்லை. என் தப்பு, தாள் முடிந்த இடத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது. இது ரூபாய்க்குப் பதில் ஊருக்குள் புழங்குகிற காகிதம். மகளிர் குழு அன்புக்கரசிதான் ஆரம்பித்தாள். ஐம்பது ரூபாயை இதற்கென்று வைத்த சங்கத்தில் கட்டினால் ஐம்பதுக்கு ஒரு சீட்டு. அந்த ரூபாய் வங்கியில் அப்படியே இருக்கும். சீட்டு மட்டும் நம் கடைகளில் சுற்றும். செஞ்சியில் அறுபது கடையில் வாங்குகிறார்கள். அவலூர்பேட்டையில்கூட நான்கு கடை. பஸ்ஸில் கண்டக்டர் வாங்கமாட்டார், ஆன்லைன் கம்பெனியும் வாங்காது. அதனால் அது ஊரை விட்டுப் போகாது. உன் நாற்பதாயிரம் பஸ் ஏறிப் போனது, திரும்பவில்லை. இதற்குப் பஸ் ஏறவே தெரியாது.

இனிமேல்தான் அதிசயம். சீட்டை வாங்குகிறவர் பின்பக்கம் யாரிடமிருந்து வாங்கினார் என்று எழுதி, தன் பெயரும் போடவேண்டும். பத்து வரி நிரம்பினால் சங்கத்தில் புதுசு தருவார்கள். போன வாரம் என் கைக்கு வந்த ஒரு சீட்டின் முதுகை எழுத்துக் கூட்டிப் படித்தேன். செக்குக்காரர் பொன்னுசாமி, தையல்கார ஹபீபா, மண்வெட்டிக் கடை ஜகபர் அலி, மேல்சித்தாமூர் நெல்காரர், இப்படி ஒன்பது பேர். ஒரே ஐம்பது ரூபாய், இருபது நாளில் ஒன்பது வீட்டு அடுப்புக்கு எண்ணெயும் அரிசியுமாகப் போயிருக்கிறது. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் காசைக் கையில் பிடித்திருக்கிறேன், அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

ஆனால் ஒரு தப்பு செய்தேன். எனக்கு வந்த முதல் சீட்டில் நான் முதன்முதலாகப் போட்ட கையெழுத்து இருந்தது. அதைச் செலவழிக்க மனம் வராமல் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். அன்புக்கரசிக்குத் தெரிந்துபோனது. “இன்னா தாத்தா, பெட்டில பூட்டி வச்சா அது வெறும் காயிதம். கை மாறினாத்தான் காசு” என்று கடைத்தெருவிலேயே மானத்தை வாங்கினாள்.

அந்தச் சீட்டைத்தான் இதில் வைத்திருக்கிறேன். ஓசூரில் இதற்கு ஒரு கொத்தமல்லிக் கட்டுகூடக் கிடைக்காது. ஆனால் இந்தத் தடவை உன்னைக் கேட்கிறேன். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படித்துப் பார். நான் இதில் இருக்கலாமா, விட்டுவிடலாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தாண்டவராயன்


ஓசூர்
7.7.2025

ஆனந்தராஜ் நைனாவுக்கு,

சீட்டைப் படித்தேன். பொடி எழுத்தை மருமகளின் கண்ணாடி போட்டுப் படித்தேன். இதில் ஏமாற்று இல்லை. இருங்கள்.

உங்கள் கையெழுத்தையும் பார்த்தேன். ‘ண்’ கொஞ்சம் படுத்திருக்கிறது.

இப்போது எனக்கு ஒரு சங்கடம். இரண்டாம் வரி என்னுடையது. யாரிடமிருந்து வாங்கினேன் என்று நான் எழுதவேண்டும். நாற்பத்தெட்டு வருடமாக அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டபோதுகூட ஆனந்தராஜைத்தான் சொல்லச் சொன்னேன். ‘ஆனந்தராஜ் நைனாவிடமிருந்து’ என்று எழுதினால் செல்லுமா? கேட்டு எழுதுங்கள்.

ராஜம்மாள்


செஞ்சி
27.7.2025

ராஜம்மா,

இருபது நாளாக உனக்குப் பதில் எழுதவில்லை. அன்புக்கரசியைக் கேட்டேன். “பேரு எழுதணும், அதான் ரூல். ஆயாவுக்காக மாத்த முடியாது தாத்தா” என்றாள். அதை உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. சீட்டு ஓசூரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மண்வெட்டிக்குக் காம்பு போட ஜகபர் பாய் கடைக்குப் போனேன். மீதிக்கு ஒரு சீட்டை நீட்டினார். “பின்னாடி பாத்து வாங்கு தாண்டவராயா. அப்புறம் செல்லாதுன்னு சண்டைக்கு வராத” என்றார்.

முதல் வரியில் என் கோணல் எழுத்து. இரண்டாம் வரியில், ‘தாண்டவராயனிடமிருந்து வாங்கினேன். ராஜம்மாள்.’

என் பெயர் இத்தனை நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ‘ண்’ நிமிர்ந்து நின்றது.

“இன்னா, கரன்ட் அடிச்ச மாதிரி நிக்கிற? ஆடி அமாவாசைக்கு மலையனூர் ஸ்பெஷல் பஸ்ல வந்த உன் வீட்டம்மா, நேத்து அங்கிருந்து நேரா இங்க வந்தாங்க. என் பேனாவ வாங்கி, சுவத்துப் பக்கம் திரும்பி நின்னு எழுதுனாங்க. நான் பாத்துடக் கூடாதாம். ஒரு பேரு எழுத கால் மணி நேரம். நீயே தேவல” என்றார் பாய்.

சீட்டு போக மீதிக்கு ரொக்கம் கொடுத்து நீ அரிவாள்மனை வாங்கியதாகச் சொன்னார். அதைக் காகிதத்தில் சுற்றிக் கடையிலேயே வைத்திருக்கிறார். “ஓசூர்ல மிக்சி இருக்குது, இது எதுக்கும்மான்னு கேட்டேன். ‘ஓசூருக்கு இல்ல பாய். ஆவணி பொறந்ததும் வந்து எடுத்துக்கிறேன்’னுட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாங்க.”

வீட்டுப் பக்கம் வராமல் போனாயே என்று நான் கேட்கமாட்டேன். அந்தப் பெயரை எழுதிய கையோடு அந்த ஆளின் முகத்தைப் பார்க்க உனக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

சீட்டை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இந்தத் தடவை பெட்டியில் பூட்டவில்லை. இன்று காலையில் பொன்னுசாமி செக்கில் கொடுத்து நல்லெண்ணெய் வாங்கினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். இப்போது செஞ்சிக் கடைத்தெருவில் உன் எழுத்தில் என் பெயர் கை மாறிக்கொண்டிருக்கிறது. யார் யார் படிக்கிறார்களோ.

இதை எழுதும்போது ராஜகிரி மலைமேல் மழை பெய்கிறது. இரண்டையும் சரியாக எழுதியிருக்கிறேனா பார்.

ஆவணிக்கு மூன்று வாரம் இருக்கிறது. அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் நீ வந்துவிட்டால் தபால்தலை மிச்சம், கடிதத்தை என் எதிரே உட்கார்ந்து படித்துக்கொள்.

தாண்டவராயன்