கப்பலில் திரும்பி வந்த நீலம்

மச்சான், இன்று காலை சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் சாயக் கடைக்கு ஒரு டிரம் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு. மூடியைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. நம் நீலம். கடலூர் ஆலையில் நாம் செய்து கப்பலேற்றிய அதே சாயத்தூள். இப்போது அதை நமக்கே கொண்டுவந்து விற்கிறார்கள். எனக்கு வந்த எரிச்சலில் மூடியை ஓங்கிப் போட்டேன்.

சுனாமிக்கு மறு வருஷம், இந்த டிரம்மை அனுப்பிய வெளிநாட்டுக் கம்பெனி நம் கம்பெனியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதுவரை இந்த நீலத்தில் நமக்குப் போட்டி என்றால் அவர்கள் மட்டும்தான். மேனேஜர் எல்லோருக்கும் லட்டு கொடுத்து, இனி ஏற்றுமதி இரண்டு மடங்கு என்றார். லட்டை மென்றுகொண்டே நீ என் காதில் சொன்னாய்: “ரெண்டு டீக்கடை ஒண்ணா சேந்தா டீ ஜாஸ்தியா விக்குமா மச்சான்? ஒரு அடுப்ப அணைச்சிடுவாங்க.”

அணைத்தார்கள். துருக்கி, எகிப்து எல்லாம் தலைமைக் கம்பெனியின் சந்தை, கடலூர் அங்கே விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஏற்றுமதிப் பிரிவில் நீயும் நானும் ஈ ஓட்டினோம். நம் பழைய துருக்கி வாடிக்கையாளர் போன் செய்தால் ‘சரக்கு இல்லை’ என்று சொல்லச் சொன்னார்கள். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சரக்கு இருக்கிறது, உங்களுக்கு விற்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று உன் இங்கிலீஷில் போட்டு உடைத்தாய். அவர் தலைமைக் கம்பெனியிடம் சண்டைக்குப் போனார்.

மேனேஜர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். “குடோன் ரொம்பிக் கெடக்கு, இல்லன்னு எப்டி சார் சொல்றது?” என்று நீ அவரையே கேட்டாய். அன்றோடு வேலை போயிற்று. உன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். பிறகு ஆலையையும் மூடினார்கள். அதற்குள் நீ மாரடைப்பில் போய்விட்டாய். அவர்கள் மேல் இருக்கும் கோபம் உன் மேலும் இருக்கிறது. அதைக் கொட்டக்கூட நீ இல்லை.

டிரம் வரும்போதே விலையையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. என் முதலாளி கொதித்துப்போய்க் கத்தினார்: “இவுங்கள வுட்டா இந்த நீலத்துக்கு ஒலகத்துல வேற ஆளே இல்லியாய்யா?”

இல்லை என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். உன் பக்கத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

“இருந்தாங்க சார், கடலூர்ல. நாங்கதான்” என்றேன்.