போஞ்சிச் செடிக்குப் பின்னால் தெரிந்த சந்தி

கமெராவை விற்றுவிட்டேன் என்று சொன்னீர்களே. பொய்தானே அது?

நேற்றுக் காலை உங்கள் அலுமாரியை ஒதுக்கினேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. சேட்டுகளை இனியும் பூட்டி வைத்தால் பூச்சிதான் தின்னும் என்று மகள் சங்கவி லீவில் வந்து நின்று நச்சரித்தாள். மேல்தட்டில், நீங்கள் ஒருநாளும் கட்டாத பட்டு வேட்டிக்கு அடியில், மருந்துக்கடைக் கடதாசிப் பையில் சுற்றியபடி அது இருந்தது. துபாயிலிருந்து உங்கள் அண்ணன் அனுப்பிய சின்ன வெள்ளிநிறக் கமெரா. மூடியைத் திறந்தால் பற்றரி கசிந்து பச்சை பூத்து, புளித்த இரும்பு மணம் ஒன்று மூக்கில் அடித்தது. மனைவிக்கு ஒளித்து ஒரு சாமானைப் பதினேழு வருசம் வைத்திருந்திருக்கிறீர்கள். கெட்டிக்காரன்தான்.

நான் யாரையும் இலேசில் நம்புகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? மீன்காரன் நிறுத்துத் தந்ததை வீட்டுக்கு வந்து திரும்ப நிறுப்பவள். நாங்கள் விரும்பிக் கட்டியவர்கள், அப்படியிருந்தும் உங்கள் ஊர் நாவலப்பிட்டிக்கு ஆள் அனுப்பி உங்களைப் பற்றி விசாரித்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு சோதனைத் தடையிலும் அடையாள அட்டையை நீட்டி நீட்டி எனக்குப் பழகிப்போன குணம் இது. நீங்கள் அதற்கு நேர்மாறு. வேலை செய்த மருந்துக்கடைக்கு வருகிற எல்லாரோடும் சிரிப்பீர்கள். சிரிப்பவரைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று நான் நினைப்பேன்.

பதினேழு வருசத்துக்கு முதல், போர்நிறுத்தம் முறிந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம் அது. கண்டி மேலுக்கு அமைதியாகத்தான் இருந்தது. வாவியைச் சுற்றி ஆட்கள் நடந்தார்கள், பெரஹரா ஊர்வலமும் ஒழுங்காக நடந்தது. ஆனால் எங்களைப் போன்றவர்கள் பஸ்ஸில் தமிழில் போன் பேசமாட்டோம். அந்த நேரம் பார்த்து நீங்கள் ஒரு பழைய கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தீர்கள்.

“உங்களுக்கு என்ன விசரே? நாடு கிடக்கிற கிடையில இது என்னத்துக்கு? ஆருடைய பெட்டி? உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு தெரியுமோ?”

“பயப்படாதம்மா. புள்ளைக்கு விஞ்ஞான சீடி போட்டுக் காட்டத்தான்.”

சங்கவிக்கு அப்போது ஆறு வயது. கண் பழுதாகப் போகிறது, திரையைப் பார்க்கிறதெல்லாம் படிப்பாகுமோ என்று நான் புறுபுறுத்தேன். ஆனால் போயா லீவு நாட்களில் நீங்கள் இரண்டு பேரும் அதற்கு முன்னால் இருப்பதைக் குசினிக்குள் நின்று எட்டிப் பார்க்காமலும் விடவில்லை. ஒரு விளையாட்டு இருந்தது. திரையில் தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில் ஆணி, இறகு, மரக்கட்டை. ஒன்றைத் தொட்டால் அது தண்ணீருக்குள் விழும். பிள்ளை அவசரமாக அமத்தப் போவாள். நீங்கள் உள்ளங்கையால் மவுஸை மூடிவிடுவீர்கள்.

“மொதல்ல சொல்லு. மெதக்குமா, முங்குமா?”

“மிதக்கும்.”

“ஏன்?”

“சும்மா.”

“சும்மான்னு ஒண்ணும் மெதக்காது புள்ள. யோசி.”

அவள் கன்னத்தில் கை வைத்து யோசிப்பாள். யோசித்துச் சொன்ன பிறகுதான் கையை எடுப்பீர்கள். அதோடு விட்டீர்களா? திரையில் மிதந்ததெல்லாம் நிசமாகவே மிதக்கிறதா என்று குளியலறை வாளிக்குள் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முழுத் தோடம்பழம் மிதந்தது, தோலை உரித்துப் போட்டால் தாண்டது. அதைப் பார்த்து இரண்டு பேரும் துள்ளிய துள்ளலில் வீடெல்லாம் தண்ணீர். துடைத்தது நான்.

மரம் மிதக்கும் என்று திரை சொன்னது. அடுத்த நாள் நீங்கள் மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கைவினைக் கடையிலிருந்து, வெள்ளைக்காரருக்கு விற்கிற குட்டிக் கருங்காலி யானை ஒன்றை வாங்கி வந்து வாளிக்குள் விட்டீர்கள். அது நேரே அடிக்குப் போனது.

“அம்மா! கொம்பியூட்டர் பொய் சொல்லுது!”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாயம் பூசின இரும்பாக இருக்கும், அந்தக் கடைக்காரன் ஆட்களை ஏமாற்றுகிறவன் என்று சொல்லிக் கத்தியை எடுத்து யானையின் வயிற்றைச் சுரண்டினேன். உள்ளேயும் கறுப்பு மரம்தான். நீங்கள் சிரித்த சிரிப்பு!

“பாத்தியா புள்ள, உங்கம்மாதான் இந்த வீட்டு சயன்டிஸ்ட். சந்தேகம் வந்ததும் கத்திய எடுத்துச் சொரண்டிப் பாத்துட்டா. சந்தேகம்னா அப்படித்தான் இருக்கணும். போய்ப் பாத்துறணும். மனசுக்குள்ள வச்சுப் பூட்டுனா அது சீக்கு.”

நீங்கள் பகிடியாகச் சொன்னீர்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

பிறகுதான் அந்தப் போஞ்சி விதை. ஜாம் போத்தலுக்குள் ஈரப்பஞ்சு, அதற்குள் விதை, எங்கள் மேல்வீட்டு முன் ஜன்னலில் வைத்தீர்கள். ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கு, பிள்ளை பள்ளிக்கூட வான் வண்டியில் ஏறுமுன் ஒரு படம். கமெரா அசையாமல் ஒரே இடத்தில் நிற்கவேண்டும் என்று ஜன்னல் விளிம்புக்கு எதிரே மேசையில் சோக்கட்டியால் கோடு போட்டீர்கள். ஒரு மாதப் படங்களை அடுக்கி வேகமாகத் தட்டினால் செடி கண் முன்னால் வளரும், “ஒரு மாசத்த ஒரு நிமிசத்துல பாக்கலாம்” என்றீர்கள். ஒவ்வொரு நாளும் முதலில் அவள் சொல்லவேண்டும், நாளைக்கு எவ்வளவு உயரும், எந்தப் பக்கம் சாயும் என்று. வெளிச்சப் பக்கம் சாயும் என்று ஆறாம் நாள் அவளாகவே கண்டுபிடித்தாள்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட எனக்கு அந்தப் படங்களில் சந்தேகம் வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே சந்தி. சந்தியில் ஆமிக்காரர் காவல் நிற்கிற, மண்மூட்டை அடுக்கிய சென்றி. ஒவ்வொரு படத்திலும் போத்தலுக்குப் பின்னால் அந்தச் சென்றியும், அன்றைக்குக் காவலுக்கு நின்றவர்களும், மூலையில் செம்மஞ்சள் எழுத்தில் திகதியும் நேரமும். நாங்கள் மூன்று பேரும் செடியைத்தான் பார்த்தோம்.

சுற்றிவளைப்பு நடந்தது ஒரு சனிக்கிழமை காலை. வந்தவர்களில் ஓர் அதிகாரி கொம்பியூட்டரைப் போடச் சொன்னார். படங்களைத் திறந்தார். சங்கவி ஓடிப்போய் அவர் கைக்கு மேல் தன் கையை வைத்து மூடினாள். கீழ்வீட்டில் விளையாடிப் பழகிய சிங்களத்தில், “முதலில் சொல்லுங்கள், அடுத்த படத்தில் என்ன வரும்?” என்று கேட்டாள். அவர் அவளுடைய கையை மெதுவாகத்தான் எடுத்துவிட்டார். பிறகு போத்தலுக்குப் பின்னால் தெரிந்த சென்றியைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். இருபத்துமூன்று நாள், ஒரே நேரம், ஒரே இடம். மேசையில் சோக்கட்டிக் கோடு வேறு.

“பிள்ளைக்கு விஞ்ஞானம்” என்று நீங்கள் சிங்களத்தில் திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள். கமெராவின் மெமரி அட்டையைக் கழற்றி எடுத்து, உங்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் போத்தலை எடுத்துச் செடியோடு பள்ளத்துக்குள் எறிந்தேன். பிள்ளை வீரிட்டு அழுதாள். “இனி இப்பிடி ஏதும் தொட்டியெண்டால் கையை முறிப்பன்” என்றேன். சொன்னேன், மறுக்கவில்லை.

உங்களை உள்ளே வைத்திருந்த பதினோரு நாளும் நான் ஒரே ஒரு கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். யார் சொன்னது? நேரே எங்கள் கொம்பியூட்டருக்கு வந்தார்களே, யார் காட்டிக் கொடுத்தது? கீழ்வீட்டு மெனிக்கே அக்காவைத் தவிர வேறு ஆளில்லை. வீட்டுச் சொந்தக்காரி. நீங்கள் படமெடுப்பதை முற்றத்தில் நின்று பார்ப்பவர். ஒரே சமையலறை மாதிரிப் பலகாரம் மாற்றிக்கொண்டவர்கள் நாங்கள். அன்றோடு நிறுத்தினேன்.

நீங்கள் திரும்பி வந்தபோது வலக்கையில் இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்தது. ஜீப் கதவில் அகப்பட்டது என்றீர்கள். நான் சரி என்றேன். தேத்தண்ணீர் ஊற்றுவதற்கு முதலே கேட்டேன்.

“ஆர் சொன்னது? கீழ இருக்கிறவள்தானே?”

“யாரு சொன்னா என்னம்மா. நான் வந்துட்டேன்ல.”

ஒரு கிழமைக்குப் பிறகு, “கீழ அக்கா ஒரு விசயம் சொன்னாங்க” என்று நீங்கள் தொடங்கியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “அவளின்ர பேச்சு இந்த வீட்டுக்க எடுக்கக்கூடாது” என்று கத்தினேன். நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். வேறு வீடு பார்ப்போம் என்றேன், அந்த நேரத்தில் தமிழருக்கு யார் வீடு தருவார்கள்? அதே படியில் ஏறி இறங்கினோம். மெனிக்கே அக்காவைக் கண்டால் தலையாட்டுவேன், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. உங்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

நேற்றுச் சங்கவி கமெராவிலிருந்து மெமரி அட்டையைக் கழற்றித் தன் மடிக்கணினியில் போட்டாள். பழைய அட்டையை அவர்கள் திருப்பித் தரவில்லையே, இது எது என்று நான் யோசிக்கும்போதே படம் வந்தது. ஜாம் போத்தல். ஈரப்பஞ்சு. போஞ்சி விதை. பின்னால் வெள்ளைத் துணி ஒன்றை யாரோ பிடித்திருக்கிறார், சந்தியும் இல்லை, சென்றியும் இல்லை. மூலையில் திகதி, நீங்கள் வெளியே வந்த நாலாம் நாள்.

“இது எந்த ஜன்னல்?” என்று கேட்டேன்.

சங்கவி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “மெனிக்கே அன்ரியின்ர குசினி. பள்ளிக்கூட வானுக்குப் போறதுக்கு முதல் அப்பாவும் நானும் போறனாங்கள். நீங்கள் பேசுவியள் எண்டு சொல்லவேண்டாம் எண்டவர்.”

ஆறு வயதில் எனக்கு ஒளிக்கப் பழகியிருக்கிறாள். வெளிச்சப் பக்கம் செடி சாயும் என்று படித்த அதே மாதத்தில் இதையும் படித்திருக்கிறாள். கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை.

அவள் அடுத்த படத்துக்குப் போனாள், அடுத்தது, அடுத்தது. விதை வெடித்தது, நிமிர்ந்தது, இரண்டு இலை விட்டது. துணியின் ஓரத்தைப் பிடித்தபடி உங்கள் வலக்கை எல்லாப் படத்திலும் இருந்தது. ஓர் இடத்தில் சங்கவி நின்றாள். படத்தைப் பெருப்பித்தாள். துணிக்கட்டு இல்லாத விரல்கள்.

“அம்மா, பெருவிரல் நகமும் சின்னவிரல் நகமும் கறுத்திருக்கு. நடுவில மூண்டு விரலுக்கும் ஒண்டுமில்லை. அப்பிடி நசிக்கிற கதவு என்ன கதவு?”

அந்தத் துணிக்கட்டை நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். சோறு குழைத்துத் தந்தேன். மீன்காரனின் தராசை நம்பாதவள், கருங்காலி யானையின் வயிற்றைக் கீறிப் பார்த்தவள், ஜீப் கதவை மட்டும் அப்படியே நம்பினேன். நம்பவா செய்தேன்? அதை நம்புவதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

நான் படியிறங்கிப் போனேன். மெனிக்கே அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். “இருங்கள் நங்கி” என்றார். இன்னமும் நான் அவருக்குத் தங்கச்சியாம். இருக்காமலேயே கேட்டேன், அன்றைக்குச் சொன்னது நீங்களா என்று.

“நான்தான்” என்றார். கொஞ்சமும் தயங்கவில்லை. “முதல் நாள் இரண்டு பேர் வந்து மேலே யார், என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். நல்ல மனுசன், மகளுக்காக விடியக் காலையில் போஞ்சிச் செடியைப் படம் எடுப்பார் என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன் நங்கி. அது இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் மாத்தயா வெளியே வந்தவுடன் அவரிடம் சொல்லி அழுதேன். உங்களிடம் தானே சொல்வதாகச் சொன்னார். நீங்கள் வந்து கேட்பீர்கள் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.”

ஆக, என் சந்தேகம் சரி. பதினேழு வருசம் சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஆனால் அதில் ஒரு மண்ணும் விளங்கியிருக்கவில்லை. பத்துப் படி இறங்கி வந்து கேட்டிருந்தால் ஒரு நிமிசத்தில் முடிந்திருக்கும்.

கேட்க வந்ததைக் கேட்டாயிற்று, திரும்பிப் போயிருக்கலாம். அந்தக் கதிரையில் இருந்தேன்.

“விரலுக்கு மருந்து கட்டினது நீங்களா அக்கா?”

“ஒவ்வொரு காலையும். பிள்ளை படம் எடுத்து முடிந்து முற்றத்துக்குப் போன பிறகு.”

“அவருக்கு அங்கே என்ன செய்தார்கள்?”

கீரையைத் தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “உங்களிடம் சொல்லவில்லையா?”

“நான் கேட்கவில்லை” என்றேன்.

“நான் கேட்டேன். சொன்னார்” என்றார்.

எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் பக்கத்தில் இருந்துகொண்டு, நீங்கள் சொன்னதை எனக்குச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. யார் சொன்னது என்று உங்களிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன், என்ன செய்தார்கள் என்று ஒரு தரமாவது கேட்டேனா? பக்கத்தில் படுத்திருந்தவளுக்குத் தெரியாமல் நீங்கள் வைத்திருந்தது நேற்றிலிருந்து என்னிடம் இருக்கிறது. பாரமாகத்தான் இருக்கிறதப்பா. இருக்கட்டும்.