வாங்க அத்தை

ஜூலை 7

மறுபடி மழை. ஏரியில் இறங்கக் கூடாது என்றதும் என் வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாக ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார்கள். நாலு வார்த்தை போலிஷ் பேசட்டும் என்றுதான் பெற்றவர்கள் சிகாகோவிலிருந்து இவ்வளவு தூரம் இந்தக் கோடை முகாமுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஊருக்குத் திரும்பி என்ன பேசிக் காட்டப் போகிறதுகளோ. சமையல்கார அம்மாள் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். நாளைக்கு மாற்று ஆள் வருகிறதாம். அதுவரை ரொட்டியும் ஜாமும்.

ஜூலை 8

எழுதவே கை கூசுகிறது.

வேன் வந்தபோது டீச்சர்கள் எல்லாரும் வாசலில் நின்றிருந்தோம். உள்ளே ஒரு பெண் குரல் பாதி போலிஷ், பாதி ஆங்கிலமாக டிரைவரை அதட்டிக்கொண்டிருந்தது. "கேளுங்க, கேளுங்க" என்றான் தீமோன். அவனும் இங்கே டீச்சர்தான், போலந்துக்கே போய் கிராக்கோவில் படித்துவிட்டு வந்தவன்; வாயைத் திறந்தால் அச்சடித்த மாதிரி பேசுவான். "சிகாகோவில வீடு துடைக்கிற அம்மாக்கள் பாஷை. இதைப் போய் நம்ம பிள்ளைங்க காதுல விழ விடலாமா?" அந்தக் குரல் மாதிரியே பேசியும் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வேன் கதவு திறந்தது. அம்மா.

முகாமில் சமையலுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேலைக்குப் போகிற வீடுகளிலெல்லாம் லீவு கேட்டு, என்னோடு இருக்கலாம் என்று வந்திருக்கிறாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என்னைப் பார்த்து வந்தாள்.

முகாமில் சமையல் செய்கிறவர்களைச் சின்னவர் பெரியவர் எல்லாரும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அது எனக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று!

"வாங்க அத்தை" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். தீமோனைப் பார்த்தாள். விரித்த கையால் பக்கத்திலிருந்த பானையைத் தூக்கிக்கொண்டாள். "வர்றேங்க டீச்சர்."

ஜூலை 9

மன்னிப்புக் கேட்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். தனியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "அம்மா, நேத்து வந்து—" என்று ஆரம்பித்தேன்.

"யாராச்சும் வந்துடப் போறாங்க, போங்க டீச்சர். உங்களுக்கு இங்க ஒரு மரியாதை இருக்கு. அது என்னால கெட வேண்டாம்."

நீங்க, உங்களுக்கு. ஆள் இல்லாத இடத்தில்கூட. கோபத்தில் சொல்லியிருந்தால் தேவலை, திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவள் நல்லபடியாகத்தான் சொன்னாள்.

ஜூலை 13

மத்தியானம் ப்ளூபெர்ரி கொழுக்கட்டை. என் தட்டில் மட்டும் இரண்டு கூடுதல்.

ஜூலை 17

இன்றைய பாடம் "என் அம்மா". ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தன் அம்மாவைப் பற்றிப் போலிஷில் சொல்ல வேண்டும். குட்டி லித்கா சொல்லி முடித்துவிட்டு உட்காராமல் நின்றாள். "டீச்சர், உங்க அம்மா எங்க இருக்காங்க?"

ஜன்னலுக்கு வெளியே அம்மா தாழ்வாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல" என்றேன்.

துடைப்பச் சத்தம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது. சீ, என்ன பொண்ணுடி நீ? தீமோன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான், அவன் யாரு உனக்கு?

ஜூலை 18

இன்றும் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 24

புனித கிங்கா நாள். அந்தப் பெயரையே வைத்திருக்கிற அம்மாவுக்குப் பெயர்நாள். போலிஷ்காரர்களுக்குப் பிறந்தநாளை விட இதுதான் பெரிது. எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு முதல் பூ நான்தான் கொடுப்பேன், பல்கூடத் தேய்க்காமல் ஓடிப் போய்.

இன்று வரிசையில் நின்றேன். முதல் பூ லித்கா கொடுத்தாள். தீமோன்கூடப் பழைய காலத்து ஆள் மாதிரி குனிந்து கையில் முத்தமிட்டான். என் முறை வந்தது. வழக்கப்படி கன்னத்தில் மூன்று முத்தம் வைத்தேன். வெங்காய வாசனை அடித்தது, எங்கள் வீட்டு வாசனை.

"நல்லா இருங்க அத்தை."

"நீங்களும் நல்லா இருங்க டீச்சர். உங்களைப் பெத்தவங்களும் நல்லா இருக்கட்டும்."

குத்திக் காட்டினாளா? இல்லை. அவள் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 26

கடைசிச் சாப்பாடு. பீட்ரூட் சூப். எழுந்தேன். "இவங்க அத்தை இல்ல. என்னோட அம்மா" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

தீமோன் முகமெல்லாம் சிவந்து அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அப்புறம் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டான், "யகோதா, அன்னிக்கு நீயும் சிரிச்சியே?"

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "சூப் ஆறுது. எல்லாரும் உட்காருங்க" என்றாள்.

ஆகஸ்ட் 10

வீடு. அம்மா பழையபடி வேலைக்குப் போகிறாள். நானும் கூடப் போய் ஜன்னல் துடைக்கிறேன். வந்த அன்றே உட்கார்ந்து பேசினோம், அழுதோம். "நான் எப்பவோ மறந்துட்டேன்டி" என்றாள். பொய் சொல்கிறவள் இல்லை.

இன்று டிவி பார்த்துக்கொண்டே எனக்குக் கொழுக்கட்டை வைத்தாள்.

"இன்னும் ரெண்டு வச்சுக்கோங்க."

என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கண் டிவியில் இருந்தது. தட்டை நீட்டி வாங்கிக்கொண்டேன்.