ஒன்பது பக்கத்தை ஒரு பக்கமாக்கியவளுக்கு

என் செல்லத் தங்கை கலாவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில், கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. திங்கட்கிழமை சேர வேண்டும். உன் அண்ணி கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். நான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஐம்பத்து மூன்று வயதில் ஆள்குறைப்பில் வெளியே வந்தவனை யார் கூப்பிடுவார்கள்? மாதக்கணக்கில் ஒருவரும் கூப்பிடவில்லை. உலகம் நன்றிகெட்டது, அதுதான் காரணம் என்று நான் நம்பினேன். உனக்கு வேறு காரணம் தெரிந்திருந்தது. தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருபது வருடம் இருந்தவள் நீ.

போன வருடம், சிகிச்சைக்கு நடுவே, உன் ஜெலுத்தோங் வீட்டில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு என் சுயவிவரத்தை வாங்கிப் பார்த்தாய். ஒன்பது பக்கம். ஒவ்வொரு வேலைக்கும் கீழே ‘விலகிய காரணம்’ என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எந்த மேலாளர் என் திட்டத்தைத் தன்னுடையது என்று காட்டினார், எந்தக் கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை, எல்லாம் தேதியோடு.

“அண்ணே, இது ரெஸ்யூமேவா, போலீஸ் ரிப்போர்ட்டா?”

“எல்லாம் நடந்ததுதானே?”

“நடந்ததுதான் லா. ஆள் எடுக்கிறவங்க என்ன ஜட்ஜா? இவரு நமக்கு என்ன செய்வாருன்னு முதல் பக்கத்துலயே தெரியலன்னா நான் அடுத்த ஆளுக்குப் போயிடுவேன். இது என்ன, ஆரம்பப் பள்ளி ஓட்டப்பந்தயத்துல ரெண்டாவது?”

“முதல் பரிசே எனக்குத்தான் வந்திருக்கணும்.”

நீ சிரித்துச் சிரித்து இருமினாய். நான் கோபத்தோடு தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

பக்கம் பக்கமாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாய். ‘நான் தொழில் கற்றுக்கொடுத்த மூன்று பேர் மேலாளர்களாகிவிட்டார்கள், எனக்கு மட்டும் பதவி உயர்வு மறுக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். பின்பாதியை அடித்தாய். முன்பாதியை மேலே கொண்டுபோய் முதல் வரியாக வைத்தாய்: ‘பயிற்சியளித்த மூவர் இன்று மேலாளர்கள்.’ ஒரு சொல்லும் பொய்யில்லை. பதினைந்து வருடம் நான் அவமானம் என்று சுமந்ததை நீ தகுதி என்று எழுதினாய்.

கடைசியில், என்னைப் பற்றி விசாரிக்கக்கூடியவர் என்ற இடத்தில் குமரன் பெயரைப் போட்டாய். அந்த மூவரில் ஒருவன். தாசேக் கெலுகோர் என்ற சிற்றூரிலிருந்து வந்து, என்னிடம் சுங்கப் படிவம் நிரப்பக் கற்று, பிறகு எனக்கே மேலாளரானவன். அவனோடு எட்டு வருடம் பேச்சில்லை.

“அவன் பேரை எடு.”

“ஒரு போன் போட்டுக் கேளுங்கண்ணே. முடியாதுன்னா எடுத்துடலாம்.”

நான் கேட்கவில்லை. நீ தட்டச்சு செய்து தந்த அந்த ஒரு பக்கத்தை எங்கும் அனுப்பவும் இல்லை. பிறகு நீ போய்விட்டாய்.

உன் காரியங்கள் முடிந்த வாரத்தில், ஓர் எழுத்தும் மாற்றாமல் அதை அனுப்பினேன். நம்பிக்கையில் அல்ல, உன் கையால் செய்தது வீணாகக்கூடாதே என்றுதான். கூப்பிட்டார்கள். நேர்காணல் செய்த அம்மாள் கேட்ட முதல் கேள்வியே அந்த முதல் வரியைப் பற்றி. எங்கள் ஆட்களுக்கும் அப்படிக் கற்றுத்தருவீர்களா என்றார். குமரனிடம் பேசிவிட்டு முடிவு சொல்வதாகவும் சொன்னார்.

எனக்கு வேறு வழியில்லை. திரும்பும் ஃபெரிப் படகில் நின்றபடி அவனுக்குப் போன் செய்தேன். எப்படித் தொடங்குவது என்று நான் தடுமாற, அவனே பேசினான்.

“அண்ணே, கலாக்கா அப்பவே என்கிட்ட கேட்டுட்டாங்க. ‘எங்கண்ணன் கூப்பிட மாட்டாரு, நீங்க மனசுல வச்சிக்காதீங்க’ன்னாங்க. நான் நீங்க பழக்கின ஆளு. நல்லாத்தான் லா சொல்வேன்.”

அந்த அம்மாளிடம் அப்படியே சொல்லியிருக்கிறான்.

என்னிடம் ஏன் மறைத்தாய், கலா? சண்டை போடுவேன் என்றா? நான்கு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கிய நாட்களில், எனக்காக ஒரு அந்நியனிடம் எவ்வளவு நேரம் பேசினாய்?

என் கோபங்கள் தீர்ந்துவிடவில்லை. அந்தப் பழைய கம்பெனியை மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் தங்கைக்குப் போய் அண்ணன் நன்றி சொல்வதா என்ற திமிரில், நீ இருந்தபோது அந்தச் சொல்லை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுத்தில் சொல்கிறேன். நன்றியம்மா.

புதிய இடத்தில் என்னிடம் வருகிறவர்களுக்கு, தெரிந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பேன். அவர்களில் ஒருவர் என்னைத் தாண்டிப் போகும் நாளில் எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். அன்றைக்கும் எழுந்து போய்க் கைகுலுக்குவேன். இது சத்தியம்.

சண்டை போட நீ இல்லாமல் தவிக்கும்,
உன் ஒரே அண்ணன் ராஜன்