பழம் அடைத்த கறியும் பை தைக்கிற நூலும்

பிப்ரவரி 15, ஞாயிறு

நான்கு கோட்டுக்குப் பட்டன் காஜா எடுத்து முடித்தேன். பிறகு துணிவை வரவழைத்துக்கொண்டு சகலைக்குப் போன் போட்டேன். என் மனைவி அவள் அக்கா வீட்டுக்கு, அதாவது சகலை வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. அடுத்த ஞாயிறு ராத்திரி மூன்று பேரும் இங்கே சாப்பிட வரவேண்டும் என்றேன்.

“யாரு சமைக்கிறது?”

“நான்தான்.”

“எதுக்கு சகலை இந்த வம்பு? ஹோட்டல்ல வாங்கிடுங்க.”

உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். “வர்றேன்னு சொல்லிட்டா.”

வருகிறாளாம்! அதற்குப் பிறகு தைத்த ஒரு தையலும் நேராக வரவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

என்ன சமைப்பது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அவளுக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. ஆறு வருடத்துக்கு முன் தன் சம்பளத்தில் ஓவன் வாங்கினாள். பத்திரிகையிலிருந்து ஒரு சமையல் குறிப்பை வெட்டி ஓவன் பக்கவாட்டில் ஒட்டினாள். பன்றி முதுகுக்கறியை விரித்து, உள்ளே உலர்ந்த பிளம், ஆப்ரிகாட், ஆப்பிள் எல்லாம் அடைத்து, சுருட்டி, முழுசாகச் சுடுவது. “ஒரு நாள் நாலு பேரக் கூப்பிட்டு இதச் செய்வோமா?” என்பாள். “இந்த ஆர்டர் முடியட்டும்” என்பேன். என்றைக்கு முடிந்தது ஆர்டர்?

ஒரே வருடத்தில் அந்த ஓவனுக்குள் என் அளவுக் காகிதங்களை அடுக்கிவிட்டேன். ஈரம் படாது, எலி வராது என்று பெருமை வேறு. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தியிருக்கலாமே? கத்தியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்— இல்லை. புரிந்திருக்காது. யாரை ஏமாற்றுகிறேன்?

இன்று எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். நாற்பத்தொரு பேருடைய கோட்டு அளவு. அதில் இரண்டு பேர் செத்தே போய்விட்டார்கள்.

பிப்ரவரி 18, புதன்

ஆப்ரிகாட்டுக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன். வீட்டை விட்டுப் போகிற அன்றைக்கு அவள் சண்டைகூடப் போடவில்லை. “இங்க தனியா இருக்கிற மாதிரிதான் இருக்கு. அதுக்குத் தனியாவே இருந்துக்கிறேன்” என்றாள். அப்போதும் என் வாயில் குண்டூசி.

பிப்ரவரி 21, சனி

கறிக்கடைக்காரர் எலும்பை எடுத்து, கறியை விரித்தே கொடுத்தார். “சுருட்டிக் கட்டணும். கயிறு வச்சிருக்கேன், தரட்டுமா?”

“ஒரு தையல்காரன்கிட்டப் போய்க் கயிறு வேணுமான்னு கேக்குறீங்களே!”

“அப்போ சரிங்க, உங்க பாடு” என்று சிரித்தார்.

சாயங்காலமே தைத்துவிட்டேன். கோட்டுக்கு லைனிங் பிடிக்கிற மாதிரி நெருக்கமாக, கண்ணுக்கே தெரியாத தையல். ஒரு பிளம்கூட வெளியே எட்டிப் பார்க்காது. அவள் அசந்துபோவாள். கறி இப்போது ஃபிரிட்ஜில்.

பிப்ரவரி 23, திங்கள், காலை

நேற்று வந்தார்கள். நான் தைத்த ரவிக்கைதான் போட்டிருந்தாள். தோள் தையல் கீழே இறங்கியிருந்தது. மெலிந்துவிட்டாள். முன்னறையில் நாற்காலி நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேல்தோல் மொறுமொறுவென்று வரவேண்டும் என்று கடைசியில் சூட்டை முழுசாக ஏற்றினேன். திறந்து பார்த்தால்— ஐயையோ. தையலே இல்லை. கறி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, பிளம் எல்லாம் தட்டில் உருண்டு கிடக்கிறது, தோல்மேல் கறுப்புக் கறுப்பாகப் பிசின்.

நான் போட்ட சத்தத்தில் ஓடி வந்தாள். “என்ன நூல் போட்டீங்க?”

“பை தைக்கிற நைலான். அதுதானே கெட்டி...”

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நைலான்ல சூடா இஸ்திரிப்பெட்டிய வைக்காத, உருகிடும்னு எனக்கு எத்தனை தடவை பாடம் நடத்தியிருக்கீங்க!” கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது? இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பிசின் பட்ட தோலை முழுக்க அறுத்து எறிந்தோம். முழங்கை இடித்துக்கொண்டது. நான் நகரவில்லை.

உள்ளே கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. சகலை மூன்று தடவை போட்டுக்கொண்டார். “கடைய மூடிட்டு ஹோட்டல் வைங்க சகலை” என்றார். அவள் அக்காகூடச் சிரித்தாள். சாப்பிட்டு முடிகிறவரை நான் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைப் போன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை. அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அவளேதான் பாத்திரம் கழுவினாள். அப்பாடா, வந்துவிட்டாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அப்போது ஈரத் தட்டுகளோடு திரும்பி, “இதெல்லாம் எங்க வைக்கணும்?” என்று கேட்டாள்.

அந்தத் தட்டு ஸ்டாண்டை மாட்டியதே அவள்தான். ஒரு கரண்டியைக்கூட நான் இடம் மாற்றவில்லையே. கையால் காட்டினேன். வேறென்ன செய்ய?

பிப்ரவரி 26, வியாழன்

போன் வரவில்லை. நானும் போடவில்லை. மீந்த கறியைத் தின்னவும் முடியவில்லை, கொட்டவும் மனசு வரவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

சகலை போன் செய்தார். சுற்றி வளைத்துச் சுற்றி வளைத்து, கடைசியில் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துவிட்டாளாம். வியாழக்கிழமை குடிபோகிறாளாம். இரண்டு மாதமாகவே தேடிக்கொண்டிருந்தாளாம்.

“வேற ஏதாவது சொன்னாளா?”

“உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா. அன்னைக்கு சாப்பாட்டுக்கு.”

இருபத்திரண்டு வருடம். மூன்று வேளையும் தையல் மிஷின் பக்கத்தில் தட்டைக் கொண்டுவந்து வைத்தாளே, அவளுக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேனா? ஒரு தடவைகூட இல்லை. கட்டியவளுக்கு யார் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? வெளி ஆளுக்குத்தானே சொல்வோம்.

அவள் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

“பரவாயில்லைன்னு சொல்லுங்க” என்றேன்.