சட்டை போட்ட லேப்டாப்

மூடியைத் திறந்ததும் சொல்யூஷன் வாசனை வந்தது. ஷூவுக்குத் தோல் ஒட்டுவோமே, அந்தப் பசைதான். இத்தனை நாள் கழித்துமா இருக்கும் என்று உன் மகளிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் வரலையே பெரிம்மா" என்றாள். அவளுக்கு எங்கே வரும்? பாகாயத்தில் நர்சிங் படிக்கிறவள். ஆஸ்பத்திரி வாசனைக்குப் பழகிய மூக்கு.

அவள் புதிது வாங்கிவிட்டாளாம். உன் லேப்டாப்பை என்னிடம் கொடுக்க வந்திருந்தாள். நீ காய்ச்சல் என்று படுத்து, பத்தே நாளில் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு அழப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

பேக்கிங் செக்‌ஷனில் கம்ப்யூட்டர் பார்க்க ஆள் வேண்டும், லைனில் இருப்பவர்களும் டெஸ்ட் எழுதலாம் என்று நம் ஷூ கம்பெனியில் நோட்டீஸ் போட்டார்கள். பதினாறு வருஷமாக நின்றபடி தோலின் ஓரத்தை மடித்து ஒட்டி உன் முட்டி போயிருந்தது. "இன்னும் ஒரு வருஷம் நின்னேன்னா என்னைத் தூக்கினுதான் போவணும்" என்றாய். உட்கார்ந்து பார்க்கிற அந்த வேலை கிடைக்காவிட்டால் நீ வீட்டோடு நிற்க வேண்டியதுதான். உன் தம்பி தூக்கிப்போட வைத்திருந்த லேப்டாப்பைக் கேட்டு வாங்கி வந்தாய். ஆன் பண்ணிவிட்டுப் போய்ச் சோறு வடித்துக் குழம்பு தாளித்துவிட்டு வந்தாலும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஆம்பூர் பஜாரில் மொபைல் ரிப்பேர் பார்க்கும் பாய்தான் வழி சொன்னார்: "இதுல இருக்கிற விண்டோஸ் ஜாஸ்தி கனம்மா. அத எடுத்துட்டு லினக்ஸ் போடுங்க, ஓடும்." ஒரு பென் டிரைவில் ஏற்றியும் கொடுத்தார்.

லினக்ஸ் போடுவதற்கு முன்னால் நீ அதற்கு ஒரு சட்டை போட்டாய். ஓரமெல்லாம் உடைந்து பார்க்கச் சகிக்கவில்லை என்று, கட் பீஸில் கிடைத்த பிரவுன் தோலை மெலிதாகச் சீவி, மூடி முதல் விளிம்பு வரை இழுத்து ஒட்டினாய். சார்ஜருக்கு ஓட்டை, பென் டிரைவுக்கு ஓட்டை, காற்று போக ஓட்டை எல்லாம் அளந்து வெட்டியிருந்தாய். மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. உன் லைனில் நான் செக்கர். என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாஸா ரிஜெக்டா, சொல்லுடி" என்றாய். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படாத எரிச்சலில் "பாஸ்" என்றேன். என் சர்வீஸில் நான் கோட்டை விட்டது அந்த ஒரு பீஸ்தான்.

முதல் ஞாயிறு சர்ச்சிலிருந்து நேரே உன் வீட்டுக்கு வந்தேன். பென் டிரைவைச் செருகினோம். ஆளின் பெயர் கேட்டது, உன் பெயரை அடித்தாய். கம்ப்யூட்டருக்கு என்ன பெயர் என்று கேட்டது. கொஞ்சமும் யோசிக்காமல் என் பெயரை அடித்தாய்.

"இன்னாடி இது?"

"ஆன் பண்ணா லேசுல எழுந்துக்காது, மொனவும். எழுந்துட்டா நிறுத்தாம ஓடும். வேற இன்னா பேரு வைக்கிறது?"

சாப்பிட்டு முடிப்பதற்குள் லினக்ஸ் ஏறிவிட்டது. ஆன் பண்ணினால் டக்கென்று வந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. பாயிடம் போன் போட்டுக் கேட்டோம். ஒவ்வொரு முறையும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரியைத் தட்டினால் சத்தம் வரும் என்றார். அந்த வரியை நீ அன்றே மனப்பாடம் பண்ணிவிட்டாய். வைஃபைதான் நம்மைக் கொன்றது. ஆபீஸில் கொடுத்த பயிற்சி ஷீட் நெட்டில்தான் திறக்கும். போனில் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. வைஃபை சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று லேப்டாப் இங்கிலீஷில் சொன்னது. நீ எழுந்து போய் வீட்டில் இருந்த அத்தனை சுவிட்சையும் போட்டாய். ஃபேன் சுற்றியது, மிக்ஸி அலறியது, மோட்டார் ஓடி மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. வைஃபை வரவில்லை.

"டிரைவர் பேஜாரா இருக்கும், இன்னொரு தரம் போடுங்க" என்றார் பாய். இரண்டாம் ஞாயிறும் போட்டோம். அதே உன் பெயர், அதே என் பெயர், அதே அணைந்த வைஃபை. நீ டீ போட உள்ளே போனாய். செக்கர் கை சும்மா இருக்குமா? லேப்டாப்பின் முன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். தோலுக்கு அடியில் அரிசி அளவுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. அழுத்தினால் லேசாக அசைந்தது. அதுதான் சுவிட்ச். அணைந்தபடி இருந்ததை, உன் வேலைச் சுத்தத்தில், அப்படியே மூடி ஒட்டியிருந்தாய்.

நீ டீயோடு வந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை.

டெஸ்டில் பாஸானால் நீ ஸ்டாஃப் வேனில் போய்விடுவாய். மாதனூரில் கம்பெனி பஸ் ஏறினால் ஆம்பூர் வரை பதினாறு வருஷமாக ஜன்னலோரம் நான், பக்கத்தில் நீ. உன் முட்டியைவிட என் பக்கத்து சீட்டு எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த வாரம் பூராவும் நீ பஸ் படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து ஏறியதைப் பார்த்தேன். சனிக்கிழமை வரைக்கும்தான் தாங்கியது.

டெஸ்டுக்கு மூன்றே நாள் இருந்தது. மூன்றாம் ஞாயிறு, அப்போதுதான் தட்டுப்பட்டது போல, "இங்க இன்னாடி மேடா கீது?" என்றேன். நடிப்பு எனக்கு வராது என்று உனக்குத் தெரியாதா? தோல் சீவும் கத்தியால் சின்னதாக ஒரு சதுரம் கீறி சுவிட்சைத் தள்ளினாய். தெருவில் இருக்கிற அத்தனை வீட்டு வைஃபையும் வரிசையாக வந்து விழுந்தது. நீ குதிக்கப் போய், முட்டி ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டாய். அப்புறம் என்னையே பார்த்தாய்.

"ஒரு நூல் பிசிறினா ஓடி வருவ. இது உனக்குத் தெரியலையா?"

"தெரியலடி" என்றேன்.

மூன்று நாளும் ராப்பகலாக உட்கார்ந்து பாஸாகிவிட்டாய். ஒரு வாரம் வேனில் போனாய். அடுத்த திங்கட்கிழமை பார்த்தால், எங்கள் பஸ்ஸில் முக்கி முனகி ஏறுகிறாய்.

"வேன்ல எல்லாம் போனையே பாத்துனு வருதுங்க. திட்டறதுக்கு ஒரு ஆள் இல்ல. நகருடி, ஜன்னல் சீட்டு இனிமே எனக்கு."

"ஏன்?"

"ஒரு வாரம் கம்முனு இருந்தியே, அதுக்கு."

நகர்ந்து உட்கார்ந்தேன். ஆம்பூர் வரைக்கும் நீ வெளியே பார்த்தபடி சிரித்துக்கொண்டே வந்தாய்.

"உள்ள அம்மா பேரே கீது. மாத்திக் குடுக்கட்டுமா பெரிம்மா?" என்று உன் மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். சத்தம் இன்னும் தானாக வருவதில்லை. தினமும் கறுப்புத் திரையைத் திறந்து உன் வரியைத் தட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் திரையில் நான் எதையும் தட்டுவதற்கு முன்பே, வரியின் ஓரத்தில் முதலில் உன் பெயரும், அதை ஒட்டி என் பெயரும் தானாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பஸ்ஸில் உட்கார்ந்த அதே வரிசை. ஜன்னலோரம் நீ.